பக்கத்தில் சாதாரணக் காசை வைத்துக் காட்டும் பாலக்காட்டுக் கடை

பாலக்காடு சுல்தான்பேட்டை பக்கம் ஒரு மாடியில் இருக்கும் நாணயக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடை பெயர் என்ன என்று கேட்பீர்கள். பெயர்ப்பலகையே கிடையாது. கீழே துணிக்கடை, பக்கத்தில் செருப்புக் கடை, நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறுகிற அளவுக்குப் படி. "காசுக்கடை பாய்" என்று கேட்டால் துணிக்கடைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மேலே காட்டுவான். பாய் ராவுத்தர், வீட்டில் தமிழ், கடையில் பாதி தமிழ் பாதி மலையாளம். நம்மைப் போல எல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் முழுக்கத் தமிழ்தான்.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் வேலை பார்க்கிறேன். தகடு வெட்டுகிற, வளைக்கிற பிரஸ் டைகளைச் செய்வதும் தேய்ந்ததைச் சரி செய்வதும் வேலை. வீடு வாளையாறு. வெள்ளிக் காசு சேர்ப்பது பல வருடப் பழக்கம். அதனால் ஒரு காசைக் கையில் எடுத்தால் அதில் இருக்கும் ராஜா யார் என்பதைவிட, அதை அடித்த டை, அதாவது உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சு, எந்த நிலைமையில் இருந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். கடையில் டீ தருவார்களா, பேரம் பேசலாமா என்பதெல்லாம் அப்புறம். ஒரு காசை "ஸ்பெசிமன்", அதாவது தனிக் கவனத்தோடு அடித்த காசு, என்று சொல்லி விலை கூட்டும்போது அதை எப்படிக் காட்டி விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த விஷயத்தில் இந்த மாடி அறைக்கு ஈடாகக் கோயம்புத்தூரில்கூட நான் ஒரு கடையைப் பார்த்ததில்லை.

காரணம் ஒன்றே ஒன்று. பாய் எந்த ஸ்பெசிமன் காசையும் தனியாகக் காட்ட மாட்டார். அதே நாட்டின், அதே வருடத்தின் சாதாரணக் காசு ஒன்று பக்கத்தில் இருக்கும். ஒரு பழைய வெல்வெட் தட்டு, அதில் இரண்டு குழி. இடது குழியில் சாதாரணம், வலது குழியில் விலை கூடினது. "முதல்ல இதைப் பாருங்கண்ணா, கண்ணு பழகட்டும். அப்புறம் அதுக்குப் போங்க" என்பார். அந்த இடது குழிக் காசுகள் விற்பனைக்கு இல்லை. ஒன்றை விலைக்குக் கேட்டேன். "அதைக் குடுத்துட்டா நாளைக்கு வர்றவருக்கு நான் எதை வெச்சுக் காட்டுவேன்?" என்று தட்டை உள்ளே தள்ளிக்கொண்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புழக்கத்துக்கான காசை மின்ட்டில், அதாவது நாணயச்சாலையில், சடசடவென்று அடித்துத் தள்ளுவார்கள். ஒரு பிளாங்க் (உருவம் பதியாத வெறும் வட்டத் தகடு), ஒரு அடி, அடுத்தது. அடித்த காசு தொட்டியில் விழும், மற்ற காசுகள் அதன்மேல் விழும், மூட்டையில் குலுங்கும். ஸ்பெசிமன் அப்படி இல்லை. பொறுக்கி எடுத்த பிளாங்க், புதிதாகப் பாலிஷ் போட்ட டை, மெதுவான அழுத்தம். சில சமயம் ஒரே பிளாங்க்குக்கு இரண்டு அடி. அடித்ததும் கையால் எடுத்து வைப்பார்கள். அமைச்சர்களுக்குக் காட்ட, பரிசாகக் கொடுக்க, சேகரிப்பவர்களுக்கு விற்க என்று செய்தது. வெள்ளி ஒன்றுதான், எடை ஒன்றுதான். ஆகவே தராசு, காந்தம், உரைகல், சுண்டிக் கேட்கும் சத்தம் எதுவும் இதற்கு உதவாது. அவையெல்லாம் வெள்ளியா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். எப்படி அடித்தது என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கோ எதிரில் ஒப்பிட ஒன்று வேண்டும்.

பாய் கடையில் நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது கனடாவின் 1967 வெள்ளி டாலர். பறக்கும் வாத்து போட்டது. கனடா கூட்டமைப்பின் நூற்றாண்டுக்காக வெளிவந்த வரிசை அது. அலெக்ஸ் கோல்வில் என்ற ஓவியர் வரைந்தது. ஐம்பது சென்ட்டில் ஊளையிடும் ஓநாய், ஒரு சென்ட்டில் புறா, டாலரில் சிறகு விரித்த கனடா வாத்து. 80 சதவீத வெள்ளி, 23.3 கிராம், 36 மில்லிமீட்டர். அடுத்த வருடமே டாலர் காசு நிக்கலுக்குப் போய்விட்டதால், புழக்கத்துக்கு வந்த கடைசி வெள்ளி டாலரும் இதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே காசு மூன்று விதமாக வந்தது. புழக்கத்துக்கு ஒன்று. சேகரிப்பவர்களுக்குப் புரூஃப்லைக் என்று ஒன்று, புழக்கக் காசைவிட மின்னும், ஸ்பெசிமனுக்கு ஒரு படி கீழே. சிவப்புத் தோல் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கத்தோடு வந்தது அந்த ரகம்தான். மூன்றாவது ஸ்பெசிமன். அது கறுப்புத் தோல் பெட்டியில், 20 டாலர் தங்கக் காசோடு சேர்ந்து ஏழு காசாக வந்தது.

பாயிடம் மூன்றும் இருந்தன. ஒற்றப்பாலம் பக்கத்தில் ஒரு குடும்பம், அப்பா கனடாவில் வேலை பார்த்தவராம், பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கறுப்புப் பெட்டியில் தங்கக் காசு இருந்த குழி மட்டும் காலி. "அது கல்யாணத்துக்கு உருக்கியாச்சு" என்றார் பாய். காசு சேர்க்கிறவனுக்கு வயிறு எரியும் செய்திதான். ஆனாலும் அந்தக் காலிக் குழியோடு இருக்கும் பெட்டிதான் மிச்ச ஆறு காசுக்கும் சாட்சி.

மூன்றையும் வரிசையாக வைத்தார். மேஜை விளக்கில் பழைய குண்டு பல்பு. மேலே இருந்த டியூப் லைட்டை அணைத்துவிட்டார். நல்ல பழக்கம் அது. டியூப் லைட்டும் எல்.இ.டி. பேனலும் வெளிச்சத்தைப் பரப்பிவிடும், காசின் முகத்தில் இருக்கும் மேடு பள்ளம் தெரியாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் பேசும்.

முதலில் புழக்கக் காசு. விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பிரிந்து காசைச் சுற்றி ஓடும். இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், எங்கள் டூல்ரூமில் தினமும் பார்ப்பதுதான். டை ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி ஓடி அதன் முகத்தில் மெல்லிய ஆரக்கோடுகளை உண்டாக்கிவிடும். அந்தக் கோடுகள் காசில் பதியும், வெளிச்சம் அவற்றின் மேல் சுழலும். புதிதாகப் பாலிஷ் போட்ட டையில் அந்தக் கோடுகள் இருக்காது. ஆகவே ஸ்பெசிமனைச் சாய்த்தால் வெளிச்சம் சுற்றாது. விளக்கின் உருவமே அப்படியே ஒரு இடத்தில் நிற்கும், அல்லது சட்டென்று மறையும். பாய் தன் விசிட்டிங் கார்டை எடுத்துக் காசின் மேலே செங்குத்தாகப் பிடித்தார். புழக்கக் காசில் எழுத்து வெறும் கறுப்புப் புகையாகத் தெரிந்தது. புரூஃப்லைக்கில் முதல் வரி படிக்க முடிந்தது. ஸ்பெசிமனில் அவருடைய போன் நம்பரே தலைகீழாகப் படிக்க முடிந்தது. கார்டு காசைத் தொடாமல் பிடித்தார் என்பதையும் கவனித்தேன். எங்கள் ஆட்கள் இதே சோதனைக்கு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்துவார்கள், அது காசுக்குக் கேடு.

ஆனால் இந்தக் கண்ணாடிச் சோதனையோடு நிறுத்துகிறவர்கள்தான் ஏமாறுகிறவர்கள். எனக்கு அதைவிட நம்பிக்கை ஓரத்தின் மேல். டை இரண்டும் மேலும் கீழும் அழுத்தும்போது பிளாங்க்கைச் சுற்றி ஒரு வளையம் பிடித்திருக்கும், காலர் என்போம். அழுத்தம் குறைவாக, வேகமாக அடித்தால் உலோகம் காலரின் மூலை வரை போய் நிரம்பாது. ஓரம் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி உருண்டு நிற்கும். மெதுவாக, பலமாக அடித்தால் மூலை முழுக்க நிரம்பும். ஓரம் சதுரமாக, விரல் நுனியால் தொட்டால் கூர்மை தெரிகிற மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூடினால் டைக்கும் காலருக்கும் நடுவில் உள்ள சந்தில் உலோகம் பிதுங்கி ஓரத்தில் ஒரு மெல்லிய கம்பி மாதிரி நிற்கும். எங்கள் பாஷையில் பர். எங்கள் வேலையில் அதைப் பார்த்தால் திட்டு விழும், காசுக்காரர்கள் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். வாத்து டாலர் ஸ்பெசிமனின் ஓரம் அப்படியே சதுரம். பக்கவாட்டுக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம். புழக்கக் காசில் அதே கோடுகளின் மேல்முனை மழுங்கியிருந்தது.

அப்புறம் எழுத்துகள். பத்து மடங்கு லென்ஸில் எழுத்து தளத்தைத் தொடும் அடிமூலையைப் பார்க்க வேண்டும், மேல்பரப்பை அல்ல. சாதாரண அடியில் அந்த மூலை ஒரு சிறு வளைவோடு இறங்கும். ஸ்பெசிமனில் உளியால் வெட்டிய மாதிரி நேராக இறங்கும். வாத்தின் சிறகில் இறகுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளமும் அப்படித்தான். அதில் லென்ஸை வைத்துவிட்டு நிமிரும்போது டீ ஆறிப்போயிருந்தது.

புரூஃப்லைக்குக்கும் ஸ்பெசிமனுக்கும் நடுவில்தான் சண்டையே. இரண்டுக்கும் தளம் மின்னும். பெட்டியிலிருந்து கழன்று கைமாறிப் போன காசு என்றால், பழகிய கண்ணுக்கும் தடுமாற்றம்தான். தங்க விலைக்காகப் பல கறுப்புப் பெட்டிகளைப் பிரித்துவிட்டதால் உதிரி வாத்துகள் நிறைய. இந்த இடத்தில் பாயின் கொள்கை எனக்குப் பிடித்தது: பெட்டியோ, காசைப் பார்த்துத் தரம் சொல்லும் பெயருள்ள கிரேடிங் நிறுவனத்தின் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியோ (ஸ்லாப் என்பார்கள்) இல்லாத எதையும் அவர் ஸ்பெசிமன் என்று எழுத மாட்டார். கவரில் பென்சிலால் "பி.எல்." என்று புரூஃப்லைக் விலைதான் போடுவார். ஒரு உதிரிக் காசின் ஓரம் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அரை மணி நேரம் வாதாடினேன். "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்ண்ணா. ஆனா நாளைக்கு இதை வாங்கறவர் என் எழுத்தை நம்பித்தானே வாங்குவாரு?" என்றார். பி.எல். விலைக்கே வாங்கிக்கொண்டு இறங்கினேன். அவர் பார்வையில் அது இன்னும் புரூஃப்லைக்தான், என் பார்வையில் ஸ்பெசிமன். வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடிங் செய்து தீர்ப்பு வாங்கலாம். ஆனால் போகவர அனுப்பும் செலவு காசின் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்லாப் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு கிரேடிங் நிறுவனங்களிலும் ஸ்பெசிமனுக்கு எஸ்.பி. என்று தர எண்ணுக்கு முன்னால் போடுவார்கள், புழக்கக் காசுக்கு எம்.எஸ். எஸ்.பி.யைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடிப்பது நன்றாக இருந்தாலும் பின்னால் துடைத்துக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

துடைப்பது என்றதும் எங்கள் டூல்ரூம் பையனின் கதை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றை "ஸ்பெசிமன் ஸ்ட்ரைக், மிரர்" என்று சொன்ன விலைக்கு வாங்கிவிட்டான். போட்டோவில் வைரம் மாதிரி இருந்ததாம். பாயிடம் அழைத்துப்போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டின் இடது குழியில் ஒரு சாதாரண ஜார்ஜ் ரூபாயை வைத்தார், வலது குழியில் பையனுடையது, லென்ஸைப் பையன் கையில் கொடுத்துவிட்டார். சாதாரண ரூபாயில் கிரீடத்தின் முத்துகள் தெளிவாக இருந்தன. இவனுடையதில் முத்து மொட்டையாக இருந்தது. பளபளப்பு மட்டும் கண்ணைக் கூசியது.

இங்கேதான் என் தொழில் எனக்கு உதவுகிறது. மின்ட்டில் டையைப் பாலிஷ் போடும்போதும் கோடு விழும், வீட்டில் காசைப் பஃப் போடும்போதும், அதாவது சுழலும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கும்போதும், கோடு விழும். இரண்டும் ஒன்று அல்ல. டையில் காசின் தளம்தான் மேடு. உருவமும் எழுத்தும் குழி. பாலிஷ் கல்லோ பேஸ்ட்டோ மேட்டை மட்டும் தொடும், குழிக்குள் போகாது. ஆகவே டையில் விழுந்த கீறல் காசின் தளத்தில் மட்டும் வரும், எழுத்தின் விளிம்பு வரை ஓடி அங்கேயே நிற்கும், எழுத்தின் மேல் ஏறாது. அதோடு, டையில் கீறல் பள்ளம் என்பதால் காசில் அது மேடாக இருக்கும். வீட்டில் துடைத்த காசில் கீறல் பள்ளமாக இருக்கும். தளம், எழுத்து, ராஜாவின் கன்னம் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே திசையில் ஓடும். பையனின் ரூபாயில் கோடு ஜார்ஜின் காதிலிருந்து கிளம்பித் தளத்தைக் கடந்து எழுத்தின் மேல் ஏறி ஓரத்தில் போய் விழுந்தது. பையன் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "பஃப் வீல்தானுங்கண்ணா" என்றான். தினமும் அதே வீலில் நிற்கிறவன் அவன்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடையில் இன்னொரு வசதி. கல்கத்தா, பம்பாய் மின்ட்டுகள் பழைய டைகளை வைத்துச் சேகரிப்பவர்களுக்காகப் பின்னாளில் அடித்துக் கொடுத்த ரீஸ்ட்ரைக்குகள் சந்தையில் நிறைய. அவையும் மின்ட்டில் அடித்ததுதான், மின்னவும் செய்யும், ஆனால் தேதியில் இருக்கும் வருடத்தில் அடித்தவை அல்ல. பல இடங்களில் அதைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். பாய் கவரில் "ரீ" என்று எழுதியே வைத்திருப்பார். டை துருப்பிடித்த அடையாளமாகத் தளத்தில் மணல் மாதிரிச் சின்னச் சின்ன மேடு இருந்தால் அதையும் விரலால் காட்டுவார். இருந்தாலும் ரீஸ்ட்ரைக்குக்கு அவர் கேட்கும் விலை எனக்கு அதிகமாகவே படுகிறது. அந்த அலமாரிப் பக்கம் நான் போவதில்லை. 1911 "பன்றி ரூபாய்" கேட்டு வருகிறவர்களும் அங்கே உண்டு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிந்ததால் பெரும்பாலும் திரும்ப எடுத்து உருக்கிய காசு. அது வேறு கதை, அதன் விலை அபூர்வத்துக்குத்தான், அடித்த விதத்துக்கு அல்ல.

நம் நாட்டுக் காசில் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது காந்தி பத்து ரூபாய். 1969இல் நூற்றாண்டுக்கு வந்தது. 15 கிராம், 80 சதவீத வெள்ளி, அதாவது 12 கிராம் சுத்த வெள்ளி உள்ளே இருக்கிறது. சாதாரணக் காசு எங்கும் கிடைக்கும், விலை வெள்ளி விலையை ஒட்டித்தான் ஏறி இறங்கும். சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி மாதிரி அடித்த புரூஃப் அப்படி இல்லை. நல்ல வேளை, இங்கே கண்ணோடு ஒரு குறியும் உதவுகிறது. பம்பாய் மின்ட்டின் சாதாரணக் காசில் சின்ன வைரப் புள்ளி இருக்கும், கல்கத்தா காசில் ஒன்றும் இருக்காது. பம்பாயின் புரூஃபில் அந்தப் புள்ளிக்குப் பதில் "பி" என்ற ஆங்கில எழுத்து. பிற்காலத்தில் ஊர் மும்பை ஆன பிறகு வந்த புரூஃபுகளில் "எம்". பாய் இந்த ஜோடியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கென்றே வெளியில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். நாம் எழுத்தை மறைத்துக்கொண்டு தளத்தையும் ஓரத்தையும் வைத்து எது எது என்று சொல்லிப் பார்க்கலாம். கண்ணுக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

மின்னினால்தான் ஸ்பெசிமன் என்றும் இல்லை. கனடாவின் 1937 ஸ்பெசிமன் செட்டுகளில் கண்ணாடி மாதிரி மின்னுவதும் உண்டு, மங்கலான மேட் ரகமும் உண்டு. இன்று ராயல் கனடியன் மின்ட் ஸ்பெசிமன் என்று விற்பதில் தளம் கண்ணாடியே இல்லை. கோடு போட்ட பின்புலத்தில் உருவம் மினுங்கி நிற்கும். இதைக் கேள்விப்பட்ட சிலர், கோடு இருந்தாலே ஸ்பெசிமன் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளி மேப்பிள் லீஃப் புல்லியன் காசில் 2014 முதல் ஆரக்கோடு போட்ட தளம்தான். அது ஒரு அவுன்ஸ் 9999 வெள்ளி, முதலீட்டுக்கு அடிக்கும் காசு, ஸ்பெசிமன் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் அதைக் கொண்டுவந்து "ஸ்பெஷல் அடி" என்று விலை சொன்னபோது நான் கடையில் இருந்தேன். பாய் சிரிக்கவில்லை. இன்னொரு மேப்பிள் லீஃபை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று. வந்தவர் வெள்ளி விலையை ஒத்துக்கொண்டார்.

ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரங்களும் அவற்றை எண்ணும் மரப்பலகையும் இருக்கின்றன. அரைக் கிராம்கூட எடை இல்லாத காசு, பலகையில் குழி குழியாக இருக்கும், மேலே கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று விழும், மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை வந்துவிடும். நாலு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டரை சக்கரம் ஒரு கம்பெனி ரூபாய் என்று பாய் மனப்பாடமாகச் சொல்வார். கையால் அடித்த காசு, இரண்டு ஒரே மாதிரி இருக்காது. இதில் ஸ்பெசிமன் இருக்கிறதா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை, அதனாலேயே அவருக்கு அந்தப் பெட்டி பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. முதலாவது, கவர்கள். விலை உயர்ந்த காசுகள் கேப்சூலில், அதாவது கெட்டியான வட்டப் பிளாஸ்டிக் உறையில், இருக்கின்றன, சரி. ஆனால் நடுத்தர விலைக் காசுகளை இன்னும் பழைய மெத்தென்ற பி.வி.சி. கவரில்தான் வைத்திருக்கிறார். அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய் நாள்பட்டால் வெள்ளியின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும், கண்ணாடித் தளத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஒரு காசில் எழுத்தின் ஓரத்தில் பச்சை ஆரம்பித்திருந்ததைக் காட்டினேன். "மாத்தணும்ண்ணா, மாத்தணும்" என்கிறார். அடுத்த முறை போனபோதும் அதே கவர்தான். இவ்வளவு கவனமான மனுஷன் இதில் ஏன் இப்படி என்று புரியவில்லை.

இரண்டாவது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ. டியூப் லைட்டின் கீழே, கவரோடு, ஒரு கை நடுக்கத்தோடு எடுத்தது. அதைப் பார்த்துக் காசை முடிவு செய்ய முடியாது. கடைக்குள் இவ்வளவு அக்கறையாக வெளிச்சம் வைக்கிறவர் போட்டோவுக்கு அந்தக் குண்டு பல்பைப் போட மாட்டேன் என்கிறார். தபாலில் வாங்க நினைப்பவர்கள் இந்தக் கடையை மறந்துவிடுங்கள். நேரில் போகிறவர்களுக்கான கடை இது.

மூன்றாவது, பில். கேட்டால்தான் தருவார், கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். காசின் பெயர், வருடம், எந்த ரகம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வெள்ளிக் காசு - 1" என்று எழுதிய பில்லால் பின்னாளில் ஒரு பயனும் இல்லை. படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து போன் செய்தால் தட்டோடு இறங்கி வருவார், துணிக்கடை முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தெரு வெளிச்சத்தில் ஸ்பெசிமன் பார்க்காதீர்கள்.

விலை விஷயத்தில்: சாதாரண வெள்ளிக் காசுக்கு அன்றைய வெள்ளி விலையோடு கொஞ்சம் சேர்த்து நியாயமாகச் சொல்வார், பேரத்துக்குப் பெரிதாக இடம் இல்லை. பெட்டியோ ஸ்லாபோ உள்ள ஸ்பெசிமனுக்கு வெளிச்சந்தை விலையேதான், குறைக்க மாட்டார். லாபம் இருப்பது நடுவில், அவர் தயங்கித் தயங்கிக் குறைத்து எழுதிய உதிரிக் காசுகளில். அதற்கு நம் கண் பழகியிருக்க வேண்டும். பாய் வாங்கும்போதும் இதே கணக்குத்தான், நம் காசையும் இடது குழிக் காசு பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

போகிறவர்களுக்கு: பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம். காலையில் போனால் கூட்டம் இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார், அப்புறம் சாப்பாடு, நாலு மணிக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் லென்ஸைக் கொண்டுபோங்கள், அவருடையதில் ஒரு கீறல் இருக்கிறது. 36 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் கேப்சூல் இரண்டு மூன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள், வாங்கிய காசை அங்கேயே பி.வி.சி. கவரிலிருந்து மாற்றிவிடலாம். அப்புறம், வீட்டில் பற்பசை போட்டுத் தேய்த்த பழைய ரூபாயை ஸ்பெசிமன் என்று சொல்லி அவரிடம் விற்கப் பார்க்காதீர்கள். தராசை எடுத்து எடை போட்டுவிட்டு வெள்ளி விலைதான் சொல்வார்.